கொர்னேலியஸ் வீட்டைப் பாரு

கல்யாணமாகி மைசூருக்கு வந்த முதல் வாரத்திலேயே ரோசலின் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டாள். புருஷனின் வெள்ளைக் கோட்டை முதன்முதலாகத் தேய்த்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் நீட்டினாள். பர்னபாஸ் அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். முன்பக்கத்தை அவன் பார்க்கவே இல்லை. முதுகுப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, “கொர்னேலியஸ் வீட்டைப் பாரு” என்றான்.

புதுப்பெண் அல்லவா, விவரம் தெரியாமல் அவள் நிஜமாகவே வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டைப் பார்த்தாள். இவர்கள் வீட்டைப் போலவே அதுவும் ஓட்டு வீடு. அதே பச்சைக் கதவு. படியில் ஒரு செம்பைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று திரும்பி வந்தவளுக்குப் பர்னபாஸ் விளக்கிச் சொன்னான். அந்த வீட்டு விக்டோரியா தேய்த்துக் கொடுக்கும் கோட்டில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுமாம். ஒரு சுருக்கம் கிடையாதாம். அவளும் பொம்பளைதானே, அவளுக்கும் இரண்டு கைதானே என்று கேட்டான். ரோசலின் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். கரியும் கஞ்சியும் ஒட்டியிருந்தன.

இரண்டு வீட்டு ஆண்களும் அரண்மனை பேண்டில் வாசித்தார்கள். பேண்டுக்காரர்கள் குடியிருந்த அந்த லைனில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். பர்னபாஸுக்குக் கிளாரினெட். கொர்னேலியஸுக்கு டிராம்போன், அதாவது முழங்கையை நீட்டி நீட்டி இழுத்து ஊத வேண்டிய பெரிய பித்தளை வாத்தியம். நடந்து வாசிக்கும்போது டிராம்போன்காரர்களை முன்வரிசையில் நிறுத்துவார்கள், இழுத்து நீட்ட இடம் வேண்டுமே. கிளாரினெட்காரர்களுக்குப் பின்னால்தான் இடம். ஆக, தசரா என்றாலும் மகாராஜாவின் பிறந்தநாள் என்றாலும் வெள்ளைக்காரத் துரை யாராவது ரயிலில் வந்து இறங்கினாலும் பர்னபாஸ் பார்த்துக்கொண்டே நடந்தது கொர்னேலியஸின் முதுகை.

ஒருவன் இன்னொருவனின் முதுகைப் பார்த்துக்கொண்டே வருஷக்கணக்காக நடந்தால் என்ன ஆகும்? அந்த முதுகை வைத்தே ஒரு முழு வீட்டைக் கட்டிவிடுவான். பர்னபாஸ் கட்டினான். முதுகில் சுருக்கம் இல்லை, ஆகவே அந்த வீட்டில் சண்டை இல்லை. அந்த வீட்டுச் சோறு குழைவதில்லை. அந்த வீட்டுப் பெண்டாட்டி எதிர்த்துப் பேசுவதில்லை. குழந்தை இல்லாத வீடு என்பதைக்கூட, எத்தனை சுத்தமாக இருக்கிறது பார் என்று சேர்த்துக்கொண்டான். இத்தனைக்கும் அந்த வீட்டுப் படியை அவன் ஒரு நாளும் தாண்டியதில்லை. தாண்டாதவரைக்கும் எந்த வீடும் நல்ல வீடுதான்.

ரோசலின் குண்டலுபேட்டைப் பக்கத்தில் பிறந்தவள். அவள் அப்பா உபதேசியார். சாமியார் போக முடியாத ஊர்களுக்கெல்லாம் நடந்தே போய் ஜெபம் சொல்லிக் கொடுப்பார், பெரியவர்கள் செத்தால் நின்று அடக்கம் செய்வார். பெண்ணை நாலாவது வரைக்கும் படிக்க வைத்தார். யாராவது அவமானப்படுத்தினால் சிரித்துவிட்டுப் போய்விடுவது அவர் சுபாவம். மகளுக்கு அந்தச் சிரிப்பு வாய்க்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால், கத்தித் தீர்த்த பிறகும், உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும்.

கோட்டு நன்றாக வரவேண்டும் என்று அவள் படாத பாடில்லை. கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டினாள். நீலத்தை அளந்து போட்டாள். இஸ்திரிப் பெட்டியில் கரியை விசிறி விசிறிக் கண்ணெல்லாம் சிவந்தது. பித்தளைப் பொத்தான்களைப் புளி போட்டுத் துலக்கினாள். எல்லாம் முடித்துக் கொடுத்தால் அவன் கண் நேராக முதுகுக்குப் போகும். கொர்னேலியஸ் வீட்டைப் பாரு. குழம்பில் உப்புக் குறைந்தாலும் அதே சொல். பிள்ளை பிலோமினா ராத்திரியில் அழுதாலும் அதே சொல். விக்டோரியாவை அவள் குழாயடியில் பார்க்கும்போதெல்லாம் வயிறு பற்றி எரிந்தது. அந்த அம்மாளோ தலையைக் குனிந்து குடத்தை நிரப்பிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவாள். என்ன கர்வம் என்று ரோசலின் நினைத்தாள்.

பிலோமினா நடை பழகிய வருஷம் அப்பா ஊரிலிருந்து வந்தார். ஒரு மூட்டை அவரைக்காயும் நிலக்கடலையும் தூக்கிக்கொண்டு வந்தவருக்கு ரோசலின் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். மாமனாரும் மருமகனும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் பர்னபாஸ் ஆரம்பித்தான்.

“மாமா, நீங்க ஊர் ஊராப் போய் எல்லாருக்கும் ஜெபம் சொல்லிக் கொடுத்தீங்க, சந்தோஷம். சொந்த மகளுக்கு ஒரு காலர் தேய்க்கச் சொல்லிக் கொடுக்கலையே! பக்கத்து வீட்டைப் பாருங்க. அந்தம்மாவோட அப்பா கோலார்ல சுரங்கத்துல மண்ணு வெட்டினவரு. பொண்ணை எப்படி வளத்திருக்காரு!”

அப்பா கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு சிரித்தார். “தப்புத்தான் மாப்பிள்ளை” என்றார். மறு சோறு வாங்கவில்லை. ரோசலின் அகப்பையும் கையுமாக அடுப்படி வாசலில் நின்று அதைப் பார்த்தாள். மறு சோறு வாங்காமல் அவர் எழுந்ததை அவள் சாகும்வரை மறக்கவில்லை. அன்றைக்கே மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். இந்த மனுஷனை ஒரு நாள் அடிக்க வேண்டும். கட்டையால் அல்ல, அழுகையால் அல்ல, அம்மா வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டும் அல்ல. எந்தச் சொல்லால் அப்பாவை அடித்தானோ அதே சொல்லால் அடிக்க வேண்டும்.

அதற்கு வழி தெரியாமலே வருஷங்கள் போயின. பிலோமினா கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தாள். இவளை டீச்சராக்கிவிடலாம் என்று கன்னியாஸ்திரீகள் சொன்னார்கள். ரோசலின் அதைக் கேட்ட நாள் முதல் அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தன் மகளின் முதுகை எவனும் எவளோடும் வைத்துப் பார்க்கக் கூடாது, அவள் சம்பாதித்துச் சாப்பிட வேண்டும் என்று மாதாவிடம் தினமும் கேட்டுக்கொண்டாள்.

அந்த வருஷம் தசராவுக்கு முன்னால், ஒத்திகையில், பேண்டு மாஸ்டர் பர்னபாஸின் கோட்டுக் காலரைச் சுண்டிவிட்டு ஏதோ சொல்லிவிட்டார். அவ்வளவுதான், வீட்டுக்கு வந்து பெல்ட்டைக் கழற்றுவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

“படிச்சுக் கிழிச்சது போதும். தசரா முடியட்டும், பொண்ணை ஸ்கூல்லேர்ந்து நிறுத்தப் போறேன். விக்டோரியாக்கா கிட்ட அனுப்பு, கூடமாட இருந்து வீட்டு வேலை கத்துக்கட்டும். நீ நாலாவது படிச்சவ. அவங்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ரெண்டு வீட்டையும் பாரு, உனக்கே புரியும்.”

“என்னைச் சொல்லுங்க, கேட்டுக்கறேன். பொண்ணை விட்டுடுங்க.”

“சும்னே இரு” என்று கன்னடத்தில் அதட்டினான். வீட்டில் பேச்சை முடிக்க வேண்டுமென்றால் அவனுக்குக் கன்னடம் வந்துவிடும். பிலோமினா மூலையில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அம்மாவைத்தான் பார்த்தாள்.

மறுநாள் காலையில் கரிக்காரி கெம்பம்மா கூடையோடு வந்தாள். ஹனூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், வாய் கொஞ்சம் நீளம். ரோசலின் ஈரக் கரி என்று அவளிடம் எரிந்து விழுந்தாள்.

“என்ன அம்மணி, கருக்கல்லயே கோவிச்சுக்கறீங்? பக்கத்தூட்டு ஐயன் மாதிரி ஒவ்வொரு துண்டாத் தட்டிப் பாத்து வாங்குங்களேன், ஆரு வேண்டாங்கறாங்க?”

“ஐயனா? அந்தம்மா இல்லையா?”

“அந்தம்மா கூடைப் பக்கமே வந்ததில்லீங். பெட்டிக்குக் கரின்னா ஐயன்தானுங் வருவாரு.”

ரோசலினுக்குச் சுரீர் என்றது. ஆண்கள் ஒத்திகைக்குப் போகும்வரை காத்திருந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பக்கத்து வீட்டுப் படியேறினாள்.

உள்ளே சாமான் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தது. யாரும் குடியிருக்காத வீட்டைத் துடைத்து வைத்தது மாதிரி இருந்தது. நடு அறையில் ஒரு மேசை, அதன் மேல் கம்பளி, கம்பளி மேல் வெள்ளைத் துப்பட்டி, ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி. விக்டோரியா மேசைக்குத் தள்ளி, சுவரோரமாகப் பாயைப் போட்டு உட்காரச் சொன்னாள்.

“அக்கா, பிலோமினாவுக்கு நீங்க தேய்க்கக் கத்துக் கொடுக்கணுமாம். இவர் சொல்லிட்டாரு. ஸ்கூலை நிறுத்தப் போறாராம்.”

“நானா?” விக்டோரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துப் பழக்கமில்லாதவள் போல வாயைப் பொத்திக்கொண்டாள். “அந்தப் பெட்டியை நான் தொட்டு எத்தனை வருஷமாச்சுன்னு எனக்கே ஞாபகமில்லை, ரோசலின். எல்லாம் அவருதான்.”

விக்டோரியா மெதுவாகச் சொன்னாள். கல்யாணமான புதிதில் கைமடிப்பில் கட்டைவிரல் அளவுக்குக் கருக்கிவிட்டாளாம். அவர் திட்டவில்லை. கையை ஓங்கவில்லை. உன் கை ஆகாது என்று ஒரே வார்த்தை சொன்னாராம்.

“அதோட சரி. துவைக்கறது, கஞ்சி போடறது, தேய்க்கறது எல்லாம் அவரேதான். பரேடு அன்னைக்குக் காலையில அடுப்பு பத்த வைக்கக் கூடாது, புகை படியும். தாளிக்கவே கூடாது. நான் இந்தப் பக்கம் நடந்தா மஞ்சக் கையை முந்தானைல சுத்திக்கணும். கோட்டை மாட்டிக்கிட்டுப் படி இறங்கற வரைக்கும் நான் வாயைத் திறக்கக் கூடாது. இறங்கின பிறகு யார்கிட்ட பேசறது, சொல்லு? அப்படியே பேச்சு விட்டுப் போச்சு.”

பிறகு சுவரைக் கைகாட்டிச் சொன்னாள். “உங்க வீட்ல பேசறது முழுக்க இந்தச் சுவத்துல கேக்கும். என் பேரைச் சொல்லி உன்னைத் திட்டுவாரு பாரு, அதுவும் கேக்கும். நீ திருப்பிக் கத்துவே. அப்பல்லாம் அடுப்படில நின்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். எவ்வளவு நல்லா கத்தறா இவன்னு நினைச்சுக்குவேன். இதெல்லாம் வெளிய சொல்லிடாதேம்மா.”

“சொல்ல மாட்டேன் அக்கா” என்று ரோசலின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது இரக்கம் நிஜமாகவே வந்தது. வாசற்படி வரைக்கும் கூடவே வந்தது. படி இறங்கியதும் வேறொன்று வந்து இரக்கத்தைத் தள்ளிவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து அவளுக்கு இரண்டு சங்கதி கிடைத்திருந்தது. அந்த வீட்டில் ஆம்பளை தேய்க்கிறான் என்பது ஒன்று. அந்த வீட்டில் பொம்பளை ஊமையாகிவிட்டாள் என்பது இன்னொன்று. ரோசலின் நல்லவள்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அவளுக்கு நல்லவளாக இருக்க நேரமில்லை. தனக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டு, மீதிப் பாதியைச் சுவருக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டு வந்தாள். பர்னபாஸ் முதுகை மட்டும் பார்த்தான் அல்லவா, இவள் தேய்க்கிற கையை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தாள்.

தசராவுக்கு முன்னால் பேண்டு மாஸ்டர் எல்லாருடைய உடுப்பையும் நிறுத்திப் பார்க்கும் நாள் ஒன்று உண்டு. அன்று விடிந்ததும் பர்னபாஸ் குளித்துவிட்டு வந்தான். கோட்டு கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது, துவைத்தபடியே, தேய்க்காமல்.

“ஏ, கோட்டு தேய்க்கலையா?”

“வாங்க” என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். “துவைக்கற கல்லு மேல ஏறுங்க.”

“பைத்தியமா உனக்கு?”

“ஏறுங்கங்கறேன். இவ்வளவு வருஷமா என்னைப் பாக்கச் சொன்னீங்க. இன்னைக்கு நீங்க பாருங்க.”

ஏறிப் பார்த்தான். சுவருக்கு அந்தப் பக்கம், பின்தாழ்வாரத்துக்கு மேசையை இழுத்துப் போட்டு, பனியனும் மடித்துக் கட்டிய வேஷ்டியுமாகக் கொர்னேலியஸ் குனிந்து நின்றார். நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, விரலால் தண்ணீர் தெளித்து, அந்தப் புகழ்பெற்ற முதுகைத் தன் கையாலேயே தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அக்காவுக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ” என்று பர்னபாஸ் முணுமுணுத்தான்.

“அக்காவுக்கு ஒரு கேடும் இல்லை. நேத்தும் அவர்தான் தேய்ச்சாரு. போன தசராவுக்கும் அவர்தான். உங்க கண்ணு முதுகோட நின்னு போச்சு, தேய்ச்ச கை யாருதுன்னு பாக்கலை.” பிறகு, அண்ணன் என்று ஒட்டுப் போடாமல், அவன் சொல்வது போலவே சொன்னாள். “கொர்னேலியஸ் வீட்டைப் பாருங்க. நல்லாப் பாருங்க. அந்த வீட்ல ஆம்பளை தேய்க்கறாரு. இனிமே இந்த வீட்லயும் ஆம்பளைதான் தேய்ப்பாரு. பொண்ணு கத்துக்கணும்னா அந்த மனுஷன்கிட்டதான் அனுப்பணும். வயசுக்கு வரப்போற பொண்ணை அனுப்பறீங்களா?”

பர்னபாஸ் கல்லிலிருந்து இறங்கி உள்ளே போய் இஸ்திரிப் பெட்டிக்கு முன்னால் நின்றான். ரோசலின் முறத்தில் அரிசியைக் கொட்டிக்கொண்டு, அவனுக்கு எதிரிலேயே உட்கார்ந்து கல் பொறுக்கினாள். கரி எப்படிப் போடுவது என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கஞ்சி கெட்டியாக இருந்தால்தான் கோட்டு விறைப்பாக நிற்கும் என்று அவனாகவே நினைத்துக்கொண்டு, பானையிலிருந்த முந்தாநாள் கஞ்சியைக் கோட்டின் இரண்டு கைகளிலும் வழித்துப் பூசினான். பூசிய மேலேயே பெட்டியை வைத்து அழுத்தினான். காய்ந்ததும் கோட்டுக் கைகள் இரண்டும் பலகைகள் போல் நின்றன. மாட்டிக்கொண்டு போனபோது பார்க்க ஜோராகத்தான் இருந்தது.

உடுப்பைப் பார்த்து மாஸ்டர்கூடத் தலையை ஆட்டினாராம். வினை வாசிக்கும்போதுதான் வந்தது. மெதுவாக, மூச்சை அடக்கி வாசிக்க வேண்டிய ஓர் இடம். பர்னபாஸ் கிளாரினெட்டில் விரல் வைத்து முழங்கையை அசைத்த போதெல்லாம் கோட்டு சரக் சரக் என்றது. மாஸ்டர் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார். யார் அங்கே சருகில் நடப்பது என்று கேட்டார். மறுபடி ஆரம்பித்தார்கள், மறுபடி சரக் சரக். மூன்றாம் தடவை அவர் வரிசைக்குள் நடந்து வந்து பர்னபாஸின் கையை மடக்கி நீட்டிக் காட்ட, அத்தனை பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். முன்வரிசையிலிருந்து கொர்னேலியஸும் திரும்பிப் பார்த்தார். வருஷக்கணக்காக முதுகையே பார்த்து நடந்த பர்னபாஸுக்கு அணிவகுப்பில் அந்த முகம் அன்றுதான் தெரிந்தது. அந்த முகமும் சிரித்துக்கொண்டிருந்தது.

அவன் வீடு வந்து சேர்வதற்குள் சேதி குழாயடிக்கு வந்துவிட்டது. ரோசலின் வாசலிலேயே நின்றாள். அவன் படியேறும்போதும் கோட்டு சத்தம் போட்டது.

“கொர்னேலியஸ் வீட்டைப் பாருங்க” என்றாள். “அந்தக் கோட்டு பேசுதா?”

அந்த ஒரு வாக்கியம் வாயில் அத்தனை இனித்தது. அப்பாவுக்கு ஒரு கவளம் மறு சோறு போட்ட மாதிரி இருந்தது. அன்று சாயங்காலம், “பொண்ணு ஸ்கூலுக்குப் போவா” என்று அவள் சொன்னபோது பர்னபாஸ், “ஆய்து, ஆய்து”, அதாவது சரி சரி, என்று கன்னடத்தில் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இத்தோடு விட்டிருக்கலாம். பெண்ணின் படிப்பு தப்பிவிட்டது, புருஷன் மானமும் போய்விட்டது, கணக்குச் சரி என்று வேறொருத்தியாக இருந்தால் எழுந்து போயிருப்பாள். ரோசலின் விடவில்லை. இனி அந்தச் சொல் அவளுடையது. ஒவ்வொரு பரேடுக்கும் அவன் தேய்ப்பான், அவள் எதிரே உட்கார்ந்திருப்பாள், முடித்ததும் அவன் கோட்டைத் தூக்கிப் பிடித்து அவள் முகத்தைப் பார்ப்பான், அவள் சொல்வாள். கஞ்சிப் பதம் அவனுக்குப் பிடிபட்ட பிறகும் சொன்னாள். மடிப்புக் கத்தி மாதிரி விழத் தொடங்கிய பிறகும் சொன்னாள். மாஸ்டர் ஒரு தடவை எல்லாருக்கும் எதிரே பர்னபாஸ் கோட்டைக் காட்டிப் பேசினார் என்று கேள்விப்பட்ட அன்றைக்கும் சொன்னாள். உண்மையில் அவன் கொர்னேலியஸையே மிஞ்சிவிட்டான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே சொல்வதில்தான் ருசி இருந்தது.

பிலோமினா படித்து முடித்து டீச்சராகி முதல் சம்பளம் வாங்கிக்கொண்டு வந்த மாதம், அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அம்மா, அப்பா நல்லாத்தானே தேய்க்கறாரு? பாவம், அந்தக் கோட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. விட்டுடும்மா.”

“உன் தாத்தா மறு சோறு வாங்கலை” என்றாள் ரோசலின். பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரோசலின் விளக்கவும் இல்லை.

குழாயடியில் ஒரு நாள் விக்டோரியா அவள் பக்கத்தில் வந்து நின்றாள். “உங்க வீட்ல இப்பல்லாம் என் பேர் வர்றதில்லை ரோசலின். அவர் பேர்தான் வருது” என்றாள். முகத்தில் கோபம் தெரியவில்லை. ரோசலின் பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றைக்கு மட்டும் அந்தச் சொல்லைத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

ஒரு மார்கழியில் கொர்னேலியஸுக்குக் காய்ச்சல் கண்டது. முந்தின நாள்தான் கோட்டைத் துவைத்து உலர்த்தி மடித்து வைத்திருந்தார். தேய்க்க எழுந்திருக்கவில்லை. வாரம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தார்.

பேண்டுக்காரன் செத்தால் பேண்டு உடுப்போடு சவப்பெட்டியில் வைத்து, வாத்தியத்தை மேலே வைத்து, தோழர்கள் வாசித்துக்கொண்டே கல்லறைக்குக் கூட்டிப் போவது அந்த லைனின் வழக்கம். அன்று காலை பர்னபாஸ் தன் கோட்டை வெகு நேரம் தேய்த்தான். முடித்துத் தூக்கிப் பிடித்தான். இன்றைக்குச் சொல்ல வேண்டாம் என்று ரோசலின் நினைத்துக்கொண்டுதான் வந்தாள், வாய் பழகிப் போயிருந்தது. “கொர்னேலியஸ் அண்ணன் இருந்திருந்தா இன்னொரு தடவை பெட்டி போட்டிருப்பாரு” என்றாள். பர்னபாஸ் இன்னொரு தடவை பெட்டி போட்டான்.

பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். லைன் முழுக்க அங்கே நின்றது. சவப்பெட்டிக்குக் கிட்டப் போனவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். ரோசலின் எட்டிப் பார்த்தாள். கோட்டு கசங்கிக் கிடந்தது. துவைத்து முறுக்கிய சுருக்கம் அத்தனையும் அப்படியே இருந்தது. மடித்த கோடுகள் நெஞ்சில் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. வலது கைமடிப்பில் மஞ்சள் விரல்கள் பதிந்திருந்தன. வேறு யாரையும் தொடவிடாமல் விக்டோரியா தானே மாட்டிவிட்டிருந்தாள், கையைக் கழுவாமல்.

பர்னபாஸ் பதறிவிட்டான். “அக்கா, என்ன இது? இப்படியா அனுப்பறது? கழட்டிக் கொடுங்க, எங்க வீட்ல பெட்டி சூடாத்தான் இருக்கு. ஒரு நிமிஷத்துல தேய்ச்சுக் கொண்டு வந்துடறேன்.”

“வேண்டாம் தம்பி.” விக்டோரியாவின் குரல் அத்தனை உரக்க இருக்கும் என்று அந்த லைனில் யாருக்கும் தெரியாது. “என் கை ஆகாதுன்னு வச்சிருந்தாரு. இத்தனை வருஷமா ஒரு நூலைத் தொட விடலை. இன்னைக்குத்தான் தொட்டேன். அது அப்படியே போகட்டும்.”

விக்டோரியா கூட்டத்தில் கண்ணை ஓட்டி ரோசலினைக் கண்டுபிடித்தாள்.

“ஏன் தள்ளி நிக்கறே ரோசலின்? கிட்ட வா. சுவத்துக்கு அந்தப் பக்கம் புருஷனும் பெண்டாட்டியும் மாத்தி மாத்திப் பாக்கச் சொல்லிக்கிட்டே இருந்தீங்களே. உன் புருஷனுக்குத்தான் தெரியாது, உனக்கு எல்லாம் தெரியும். நான்தானே சொன்னேன்? வா, கொர்னேலியஸ் வீட்டைப் பாரு.”

பர்னபாஸ் பெண்டாட்டி பக்கம் திரும்பினான். என்ன தெரியும் உனக்கு என்று அவன் கேட்கவில்லை, ஆனால் முகம் கேட்டது. ரோசலின் கிட்டே போனாள், போகாமல் இருக்க முடியவில்லை. குனிந்து பார்த்தாள். பார்க்கச் சொன்ன எல்லாமே அங்கே இருந்தது. பிறகு பேண்டு வாசிக்கத் தொடங்கியது. பெட்டிக்குப் பின்னால் பர்னபாஸ் கிளாரினெட்டோடு நடந்தான். அவன் முதுகில் ஒரு சுருக்கம் இல்லை. அத்தனை வருஷத்தில் இரண்டு வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தன் வீடு ஜெயித்தது என்று அவளே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது அன்று ஒரு நாள்தான். ரோசலினுக்கு அது தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு பரேடு வந்தது. விடிந்ததும் பர்னபாஸ் கரியை விசிறிப் பெட்டியை வைத்தான். ரோசலின் எதிரே உட்கார்ந்தாள். அவன் பாதி முதுகு தேய்த்திருப்பான், சுவருக்கு அந்தப் பக்கம் கடுகு வெடித்தது. மிளகாய் கருகும் நெடி ஓட்டு வழியாக இந்த வீட்டுக்குள் இறங்கியது. பரேடு நாள் காலையில் அந்த வீட்டிலிருந்து தாளிக்கும் வாசனை அவர்கள் அறிய வந்ததே இல்லை. பர்னபாஸ் இருமினான். இருமல் படாமல் கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல் அவள் முகத்தைப் பார்த்தான்.

ரோசலின் வாயைத் திறந்தாள். சொல்வதற்கு இனி ஒரு பெயரும் இல்லை. கோட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள், முன்பக்கத்தையும் பார்த்தாள், முதுகையும் திருப்பிப் பார்த்தாள்.

“காலர் மடங்கியிருக்கு” என்றாள்.

பர்னபாஸ் காலரைத் தடவிப் பார்த்தான். அது மடங்கியிருக்கவில்லை.